கை தவறிய ஒரு கணம்

பெங்களூரு ஜெயநகரில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் மகன். கணவரை இழந்தபின் கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு மகனிடம் வந்து தங்கியிருக்கும் தாய். காலை ஏழரை மணி. சாப்பாட்டு மேசையே அலுவலக மேசையாகவும் இருக்கிறது. மகன் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கடல்கடந்த நாட்டில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறான். தாய் சமையலறையிலிருந்து காபி கொண்டு வருகிறார். சுவரிலிருந்து மேசைவரை முழங்கால் உயரத்தில் தொங்கும் சார்ஜர் கம்பியில் அவரது கால் சிக்குகிறது. டம்ளர் சாய்கிறது. காபி முழுவதும் கணினியின் விசைகள்மீது கொட்டுகிறது. திரை இருமுறை மினுக்கிவிட்டு இருண்டு போகிறது.

காபியும் கணினியும் ஒரே மேசையில் வாழும் ஊர் பெங்களூரு. இந்த நிகழ்ச்சி நடவாத தெரு அங்கே இருக்குமா என்பதே ஐயம். கவிழ்ந்தது காபியோ, மோரோ, குழந்தையின் பாலோ, அடுத்த அரை நிமிடத்தில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது.

மகன் துள்ளி எழுந்தான். "கண்ணு தெரியலையாம்மா உனக்கு? அப்பா குரல் இதுக்குள்ளதானே இருந்தது! போச்சு, எல்லாம் போச்சு!" என்று கத்தினான். காதில் மாட்டியிருந்த கருவி வழியாக அந்தச் சொற்கள் கடல்கடந்தும் கேட்டன. தாய் ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே மீண்டும் மீண்டும் துடைத்தார்.

அலுவலக வேலைகள் அனைத்தும் நிறுவனத்தின் சேமிப்பில் பத்திரமாக இருந்தன. போனது வேறு. தந்தையார் பள்ளி ஆசிரியர். நாள்தோறும் விடியற்காலையில் சிவபுராணம் ஓதியவர். அவர் மறைவதற்கு முந்தைய பொங்கலன்று, தொண்ணூற்றைந்து அடிகளையும் அவர் ஓத, மகன் அதைக் கணினியில் பதிவு செய்திருந்தான். மறுபிரதி எடுக்க வேண்டும் என்று பலமுறை நினைத்தான், எடுக்கவில்லை.

பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 62, 63 ஆகிய இரு சுலோகங்களில், மனிதன் வீழும் படிகளைப் பகவான் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார். ஒரு பொருளை ஓயாது எண்ணுவதால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசை தடைப்படும்போது கோபம், கோபத்திலிருந்து மதிமயக்கம், மயக்கத்தால் நினைவு தவறுதல், நினைவு தவறியதால் புத்தியின் அழிவு, புத்தி அழிந்தபின் அவனே அழிகிறான். இந்த வரிசையில் நம் கவனத்திலிருந்து எளிதில் நழுவிப்போவது, பற்று நல்லதா தீயதா என்ற விசாரணை இங்கே இல்லை என்பது. பொன்னின்மீதும் பொருளின்மீதும் வைக்கும் பற்றுதான் இப்படி உருட்டும் என்று எண்ணுகிறோம். தந்தையின் குரலை ஒரு மகன் போற்றிக் காப்பதைவிடத் தூய்மையான பற்று எது? ஆயினும் அந்தப் பற்று தடைப்பட்டபோது, இழிந்த ஆசை எந்தப் படிகளில் இறங்குமோ அதே படிகளில்தான் அதுவும் இறங்கியது. தந்தையைப் போற்றும் அன்பே தாயைச் சுடும் சொல்லாகப் பிறந்தது.

மதிமயக்கம் என்ற படியை விளக்கும்போது ஆதிசங்கரர், கோபம் கொண்டவன் மயங்கி, தன் குருவைக்கூட வைதுவிடுவான் என்று எழுதுகிறார். அவர் எத்தனையோ உதாரணங்களைக் காட்டியிருக்கலாம். எவரை வையக்கூடாதோ அவரைச் சுட்டியது பொருள் பொதிந்தது. நினைவு தவறுதல் என்பதற்கு அவர் தரும் விளக்கமும் ஆழமானது. சாஸ்திரமும் ஆசாரியரும் போதித்தவற்றால் மனத்தில் படிந்த பதிவுகள், அவை எழவேண்டிய தருணத்தில் எழாமல் போவதே அது. பல ஆண்டுகளாகக் கேட்டதும் படித்ததும் அழிந்துவிடவில்லை, உள்ளேதான் இருக்கின்றன. தேவைப்பட்ட நொடியில் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மேசைமீது ஒரு கருவி நினைவிழந்த அதே நேரத்தில், அதன் எதிரே நின்றவனும் நினைவிழந்தான்.

இதை வெறும் உவமை என்று தள்ளிவிட முடியாது. கணினியில் காபி கொட்டினால் என்ன நிகழ்கிறது என்பதைப் பார்த்தால் விளங்கும். ஈரம் மட்டும் அதைக் கெடுப்பதில்லை. காபியிலும் பாலிலும் தண்ணீரிலும் உள்ள உப்புகள், மின்சாரம் தன் வழியை விட்டு வேறு வழியில் பாய இடம் தருகின்றன. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வரையில், ஈரம்பட்ட செப்பு இணைப்புகள் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரையும் பாலும் காய்ந்து பிசினாக ஒட்டிக்கொண்டு பின்னரும் தொல்லை தரும். ஆகவே முதல் சில நொடிகளில் செய்ய வேண்டியவை மிகச் சில: சார்ஜர் கம்பியைப் பிடுங்க வேண்டும், பொத்தானை அழுத்திப் பிடித்து இயக்கத்தை நிறுத்த வேண்டும், கழற்றக்கூடிய பேட்டரியாயின் கழற்றிவிட வேண்டும், கருவியைக் கவிழ்த்து, உள்ளே இறங்கியது வெளியே வடியுமாறு வைக்க வேண்டும். முடி உலர்த்தும் கருவியால் சூடேற்றுவதும், வேலை செய்கிறதா என்று மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பதும் கேட்டை விரைவுபடுத்தும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பெரிதாகப் பயன் இல்லை. பழுதுபார்ப்பவரிடம் உடனே கொண்டு செல்வதே சரி.

இவ்வளவையும் அந்த மகன் அறிவான். அவனது தொழிலே அது. ஆனால் திரை இருண்ட பின்னும் கம்பி செருகியபடியே இருந்தது. அவன் கத்திக்கொண்டிருந்த நேரம் முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. கருவியில் எவ்வளவு காபியால் கெட்டது, எவ்வளவு கோபத்தால் கெட்டது என்று பிரித்துச் சொல்ல எந்த நிபுணராலும் இயலாது.

இனி, 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு வருவோம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம், 14-ஆம் சுலோகம், எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்கிறது: நிலைக்களம், செய்பவன், கருவிகள், பலவகையான இயக்கங்கள், ஐந்தாவதாகத் தெய்வம். நிலைக்களம் என்பதற்கு உடல் என்றும், கருவிகள் என்பதற்குப் புலன்கள் என்றும், இயக்கங்கள் என்பதற்குப் பிராணன் முதலிய வாயுக்களின் செயல்கள் என்றும் சங்கரர் பொருள் கூறுகிறார். தெய்வம் என்பது அவருக்குக் கண்ணுக்குச் சூரியன் என்பதுபோல் புலன்களுக்குத் துணைநிற்கும் தேவதைகள். இராமானுஜருக்கோ உள்ளிருந்து இயக்கும் பரமாத்மா. இந்த வேறுபாடு இருக்கட்டும். இரு ஆசாரியர்களும் ஒப்புக்கொள்வது, செய்பவன் என்று நாம் விரல் நீட்டிச் சுட்டுபவன் ஐந்தில் ஒருவன் மட்டுமே என்பது. அடுத்து 16-ஆம் சுலோகத்தில், இப்படியிருக்க, தன்னை மட்டுமே செய்பவனாகக் காண்பவன் பக்குவமற்ற புத்தியால் உண்மையைக் காண்பதில்லை என்கிறார் பகவான். இந்தச் சுலோகத்தை நம் அகங்காரத்தைக் கண்டிப்பதற்காகவே பெரும்பாலும் எடுத்தாளுகிறோம். 'நான் செய்தேன்' என்பது அறியாமையானால், 'நீ செய்தாய்' என்பதும் அதே அறியாமைதானே! வெற்றியில் முன்னதைச் சொல்கிறோம். சேதத்தில் பின்னதைச் சொல்கிறோம்.

ஜெயநகர் வீட்டில் அந்த ஐந்தையும் தேடிப் பார்க்கலாம். அறுபத்தெட்டு வயது உடல். கண்புரை தொடங்கியிருக்கும் கண். அறுவை சிகிச்சைக்கு நாள் பார்க்கவேண்டும் என்று மகன் சொல்லி இரண்டு மாதங்கள் ஆகின்றன. சூடான டம்ளரைப் பிடித்ததால் நடையில் கூடிய அவசரம். கம்பியை அப்படிக் கட்டியவன் மகன். இன்னொன்றும் உண்டு. தாய் வழக்கமாக டம்ளரை டபராவில் வைத்தே கொண்டுவருவார். 'டபரா வேண்டாம்மா, மேசையில இடத்தை அடைக்குது' என்று முந்தைய வாரம் சொன்னவனும் அவனே. டபரா இருந்திருந்தால் பாதிக் காபியாவது அதற்குள் சிந்தியிருக்கும். தென்னாட்டுப் பாட்டிமார் காரணமின்றி எதையும் வைத்திருக்கவில்லை.

இப்படிக் காரணங்களைப் பார்ப்பது சாஸ்திரம் கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2019 பிப்ரவரி 6 அன்று, ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து மெக்சிகோவின் கான்குனுக்கு 326 பயணிகளோடு ஒரு ஏர்பஸ் விமானம் அட்லாண்டிக் பெருங்கடலின்மேல் பறந்துகொண்டிருந்தது. தலைமை விமானியின் தட்டுமேசைமீதிருந்த மூடியில்லாத காபிக் கோப்பை தட்டுப்பட்டுச் சாய்ந்தது. பெரும்பகுதி அவர் மடியில் கொட்டியது. சிறிதளவுதான் ஒலித்தொடர்புப் பலகையில் பட்டது. அச்சிறிதளவே போதுமானதாயிற்று. பலகை சூடேறிச் செயலிழந்தது. சிறிது நேரத்தில் துணைவிமானியின் பலகையும் சூடேறியது. விமானி அறையில் புகை எழுந்தது. விமானம் திசை மாறி அயர்லாந்தின் ஷானன் நிலையத்தில் பத்திரமாக இறங்கியது.

பிரிட்டிஷ் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு இதை ஆராய்ந்தது. அப்பிரிவின் ஆய்வுகளுக்கு ஒரு விதி உண்டு: இனி இவ்வாறு நேராமல் தடுப்பதே நோக்கம், எவர்மீதும் பழி சுமத்துவது நோக்கமன்று. ஆகவே அவர்கள் விமானியின் கையோடு நின்றுவிடவில்லை. கோப்பையைப் பார்த்தார்கள், கோப்பை வைக்கும் குழியைப் பார்த்தார்கள். அங்கே வழங்கப்பட்ட கோப்பைகள் அந்தக் குழியில் எளிதாகப் பொருந்துவதில்லை. அதனால் விமானிகள் குழியைப் பயன்படுத்தத் தயங்கிவந்தார்கள் என்று தெரிந்தது. பின்னர் கோப்பைகளுக்கு மூடி வந்தது. குழிக்குப் பொருந்தும் கோப்பைகளும் வந்தன. ஜெயநகர் வீட்டு டபராவைத்தான் அந்த ஆய்வாளர்கள் வேறு பெயரில் பரிந்துரைத்தார்கள் என்று தோன்றுகிறது! பழியைத் தேடுபவனுக்கு ஓர் ஆள் கிடைத்தவுடன் தேடல் முடிந்துவிடுகிறது. காரணத்தைத் தேடுபவனுக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் காரணங்களை உணர்ந்துவிட்டால் மட்டும் மனம் ஆறிவிடுமா? இழந்தவனுக்கு இழப்பு இழப்புதானே? இங்கே ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூர்வது பொருந்தும்.

1835-இல் தாமஸ் கார்லைல் லண்டனில் வறுமையோடு வாழ்ந்த எழுத்தாளர். வயது முப்பத்தொன்பது. பிரெஞ்சுப் புரட்சியின் வரலாற்றைப் பெருநூலாக எழுதத் தொடங்கி, மாதக்கணக்கில் உழைத்து, முதல் தொகுதியை முடித்திருந்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியைத் தம்மைவிடப் பத்து வயது இளைய நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தார். நூலை எழுதவேண்டிய புத்தகங்கள் பலவற்றைக் கொடுத்து உதவியவரும் மில்தான். மார்ச் 6 அன்று மாலையில் மில், முகம் வெளிறி, கார்லைலின் வீட்டுப் படியேறி வந்தார். சில துண்டுகளைத் தவிரப் பிரதி முழுவதும் எரிந்துபோயிற்று என்றார். வேண்டாத காகிதம் என்று எண்ணிப் பணிப்பெண் நெருப்பு மூட்டப் பயன்படுத்திவிட்டாள் என்பது வழங்கிவரும் செய்தி. கார்லைலிடம் வேறு பிரதி இல்லை. குறிப்புகளும் இல்லை.

கார்லைல் சாந்தமே உருவானவர் அல்லர். முன்கோபத்துக்கும் வயிற்று நோய்க்கும் பேர்போனவர். ஆனால் அன்றிரவு நடந்தது வேறு. மில் சில மணி நேரம் அங்கேயே இருந்தார். இழந்தவர்தான் இழக்கச் செய்தவருக்கு ஆறுதல் கூறிக்கொண்டிருந்தார். வேறு விஷயங்களைப் பேசி அவர் மனத்தைத் திருப்பினார். நள்ளிரவை ஒட்டி மில் விடைபெற்றுச் சென்றதும் கார்லைல் தம் மனைவி ஜேனிடம் சொன்னது இன்றளவும் நினைவுகூரப்படுகிறது: பாவம், மில் மிகவும் நொறுங்கிப் போயிருக்கிறார், இது நமக்கு எவ்வளவு பெரிய அடி என்பது அவருக்குத் தெரியாதபடி நாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தே அவர் கூறியது.

மறுநாள் அவர் தம் நாட்குறிப்பில், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆசிரியர் தம் ஏட்டைக் கிழித்துப்போட்டு, 'இன்னும் நன்றாக எழுதிக் கொண்டுவா' என்று சொன்னதுபோல் இருந்தது என்ற பொருள்பட எழுதிவைத்தார். இதைப் படித்துவிட்டு அவர் உடனே புத்துணர்வோடு எழுதத் தொடங்கினார் என்று எண்ணிவிடக் கூடாது. திரும்ப எழுதும் வேலை அவரைக் கசக்கிப் பிழிந்தது. இடையே சில வாரங்கள் பேனாவைத் தொடவும் இயலாமல் நாவல்களைப் படித்துக்கொண்டு கிடந்தார். பெருந்தன்மையான சொல் ஓரிரவில் வந்துவிடும். அதன் விலையைப் பல மாதங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். மில் ஈடாக 200 பவுன் தர முன்வந்தார். கார்லைல் 100 பவுன் மட்டும் பெற்றுக்கொண்டார். ஒன்றும் வேண்டாம் என்று மறுத்திருந்தால் கேட்க அழகாக இருந்திருக்கும். ஆனால் அது மில்லின் மனச்சுமையை இறக்கியிருக்காது. அந்த ஆண்டு செப்டம்பரில் முதல் தொகுதி மீண்டும் எழுதப்பட்டது. நூல் 1837-இல் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழைத் தந்தது.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது இன்னொரு சிறு செய்தி. பிரதி எரிந்த சில நாட்களுக்குள், அடுத்த தொகுதிக்காக எழுதி வைத்திருந்த வேறொரு பகுதியைப் படித்துப் பார்க்குமாறு அதே மில்லுக்குக் கொடுக்க முன்வந்தார் கார்லைல். அதற்கும் மறுபிரதி இல்லை. மில் அதை ஏற்கவில்லை. மீண்டும் அப்படி நேரும் என்ற அச்சத்தால் அல்ல. தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தண்டனையாக. தாம் படித்தே ஆகவேண்டும் என்று விரும்பினால் வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு மார்ச் 10 அன்று எழுதினார்.

'மன்னித்துவிட்டேன்' என்று வாயால் சொல்வது அரிதன்று. சொன்னபின் அந்தக் கையில் மறுபடியும் நம் பொருளைக் கொடுக்கிறோமா? பெரும்பாலும் கொடுப்பதில்லை. 'பரவாயில்லை' என்கிறோம், கண்ணாடிக் கோப்பைகளை உயரத்தில் எடுத்து வைத்துவிடுகிறோம். தவறு செய்தவருக்கு அது உடனே புரிந்துவிடுகிறது. அவரும் இன்னொரு முறை கை நீட்டத் துணிவதில்லை. மில் தயங்கியது அதனால்தான். இரு பக்கத்திலும் அது கடினமான வேலை. கொடுப்பவனுக்கு அச்சம், வாங்குபவருக்கு நாணம்.

இனி, உண்மையில் போனது என்ன என்று கேட்க வேண்டும். இதற்கு நம் மரபிலேயே ஒரு கதை இருக்கிறது. அதன் ஒரு பகுதி நடந்த இடம் கர்நாடகத்துச் சிருங்கேரி. மாதவீய சங்கர விஜயம் கூறுவது இது. சங்கரரின் சீடரான பத்மபாதர், குருவின் பிரம்மசூத்திர பாஷ்யத்துக்கு ஓர் உரை எழுதினார். பின்னர்த் தீர்த்த யாத்திரை புறப்பட்டவர், வழியில் தம் தாய்மாமன் வீட்டில் தங்கி, இராமேசுவரம் சென்று திரும்பும்வரை அந்தச் சுவடியை அவரிடம் ஒப்படைத்தார். மாமன் பிரபாகர மீமாம்சையைப் பின்பற்றியவர். தம் கொள்கை அதில் தகர்க்கப்பட்டிருப்பதைக் கண்டு, சுவடியோடு தம் வீட்டையே கொளுத்திவிட்டு, தற்செயலாகத் தீப்பற்றியது என்று அழுதார். இது கைதவறுதல் அன்று. கைதவறுதலாக வேடமிட்ட வஞ்சம். இழந்தவரின் நிலையில் மட்டும் வேறுபாடில்லை.

பத்மபாதர் குருவிடம் வந்து கலங்கி நின்றார். சங்கரர் சொன்னார்: சிருங்கேரியில் நீ அதை ஒருமுறை எனக்குப் படித்துக் காட்டினாய் அல்லவா? முதல் ஐந்து பாதங்கள் என் நினைவில் இருக்கின்றன, எழுதிக்கொள். அவர் சொல்லச் சொல்லச் சீடர் எழுதினார். ஆகவேதான் அதற்குப் பஞ்சபாதிகை என்று பெயர் வந்தது என்கிறது அந்த மரபு. இன்று நமக்குக் கிடைப்பது முதல் நான்கு சூத்திரங்களுக்கான பகுதி மட்டுமே. அதுவே, பிரகாசாத்மர் எழுதிய விவரணம் என்ற விளக்கத்தின் வழியாக, அத்வைதத்தில் ஒரு தனிப் பிரிவு தோன்றக் காரணமாயிற்று.

குருவின் அபார நினைவாற்றலைப் புகழ்வதற்காக இக்கதை சொல்லப்படுகிறது. அது சரியே. ஆனால் அவர் அதைக் கேட்டிருந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். தம் நூலுக்குச் சீடன் எழுதிய உரையை, ஓர் எழுத்தும் தவறாமல் மனத்தில் இறங்கும் அளவுக்கு முழுக் கவனத்தோடு கேட்டார். சுவடி இருக்கிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கேட்கவில்லை. பதிவுக்கருவி வந்தபின் நாம் கேட்பது குறைந்துவிட்டது. ஜெயநகர் வீட்டு மகன் அந்தப் பதிவைப் பொங்கலன்று செய்தான். அதன்பின் எத்தனை முறை கேட்டான் என்று வினவினால் தலைகுனிய வேண்டியிருக்கும். அங்கே இருக்கிறது என்ற நிம்மதியே போதுமானதாக இருந்தது. அந்தக் குரலை நாற்பத்திரண்டு ஆண்டுகள் விடியற்காலைதோறும் கேட்டவர் வேறொருவர். அவரிடம்தான் அவன் 'எல்லாம் போச்சு' என்று கத்தினான்.

அன்று மதியம் எஸ்.பி. ரோட்டில் ஒரு சிறு கடையில் கணினியைப் பிரித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். மதர்போர்டு போய்விட்டது, சேமிப்புத் தகடு தனியாக இருப்பதால் அதிலிருந்து எதையாவது மீட்க முடியுமா என்று பார்க்க ஒரு வாரம் வேண்டும் என்றார். மகன் வீடு திரும்பினான். சுவருக்கும் மேசைக்கும் இடையே தொங்கிய கம்பி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றான்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் காபி மேசைக்கு வரவில்லை. சமையலறை மேடையில் மூடிவைத்திருந்தது. "ஆறிடப் போகுது, வந்து குடிச்சிட்டுப் போப்பா" என்று குரல் மட்டும் வந்தது. குரலில் வருத்தம் இல்லை. அதுதான் அவனை வருத்தியது. மன்னிப்புக் கேட்க அவன் இருமுறை வாயெடுத்தான். இருமுறையும் தாய் வேறு பேச்சை எடுத்துவிட்டார். கார்லைல் அன்றிரவு செய்ததுபோலத்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் விழித்துக்கொண்டான். பூஜை மாடத்தருகே தாய் அமர்ந்து மெல்லிய குரலில் சிவபுராணம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் தந்தையின் குரல் அன்று. ஆனால் நடுவே ஓரிடத்தில், பொருள் முடியாத இடத்தில், அவர் நிறுத்தினார். தந்தையாருக்கு இரைப்பு உண்டு. அந்த இடத்தில்தான் அவர் எப்போதும் மூச்சு வாங்குவார். தாய்க்கு இரைப்பு இல்லை. இருந்தும் அந்த மூச்சுக்குரிய நேரம் முழுவதும் காத்திருந்து, பிறகே அடுத்த அடியைத் தொடங்கினார். மகன் கதவருகே நின்று இறுதிவரை கேட்டான்.

பிறகு அவன் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து சார்ஜர் கம்பியைச் சுவரோரமாக இறக்கி அடித்தான். அலுவலகத்தில் இரவலாகத் தந்திருந்த கணினியைப் பழைய இடத்திலேயே திறந்துவைத்தான்.

"அம்மா, காபியை இங்கே கொண்டு வாம்மா."

"இங்கேயே வந்து குடியேன்பா."

"இல்லம்மா, இங்கேதான் வேணும். டபராவோடயே கொண்டு வா."

சமையலறையில் சிறிது நேரம் ஓசையில்லை. பின்பு டபரா உரசும் சத்தம் கேட்டது. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துத் தாய் வந்தார். கணினியைச் சற்றே அப்பால் நகர்த்த மகனின் கை பரபரத்தது. அதை மடியிலேயே வைத்துக்கொண்டான். எஸ்.பி. ரோட்டிலிருந்து இன்னும் செய்தி வந்திருக்கவில்லை.